பக்கெட்டில் ஏறியவன் பேசக்கூடாது

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. பிரிந்ததில் இரண்டு பேருக்கும் சந்தோஷம். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் லாரிக்குப் பின்னால் படிந்த புழுதியில் விரலால் எழுதியதுதான். அதையும் இங்கே திருப்பி எழுத முடியாது.

பெரம்பலூரில் மழைக்கும் வெயிலுக்கும் நான் ஒதுங்குகிற நூலகம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு வாசகர் வட்டம். சின்ன வயதில் கேட்ட ஒரு கதையையும், வளர்ந்த பிறகு அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் எழுதித் தரச் சொல்லி, வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு தாளைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்காரும் அக்கா என்னையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இம்புட்டுப் பேசுறீங்களே, அதுல பாதிய எழுதிக் குடுங்களேன்."

"பாதி கெட்ட வார்த்தைக்கா. அச்சுல வந்தா நூலகத்தப் பூட்டிருவாங்க."

"அப்ப மிச்சப் பாதிய எழுதுங்க."

தாளைச் சட்டைப் பையில் வைத்து மறந்தேன். சட்டையோடு அதுவும் ஒரு தடவை துவைபட்டது. எனக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். அந்தக் கதையைப் பற்றி எழுதினால் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயம்.

கதை உங்களுக்குத் தெரியும். குளம் வற்றிப்போகிறது. அதில் இருக்கும் ஆமைக்கு இரண்டு கொக்குகள் கூட்டாளி. வேறு குளத்துக்குத் தூக்கிப்போகிறோம் என்று ஒரு குச்சியைக் கொண்டுவருகின்றன. ஆளுக்கொரு முனையைக் கொக்குகள் கவ்விக்கொள்ள, நடுவில் ஆமை கவ்விக்கொள்கிறது. வாயைத் திறக்கவே கூடாது என்பது பேச்சு. ஊருக்கு மேலே பறக்கும்போது கீழே நிற்கிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள். ஆமைக்கு ரோசம் வருகிறது. பதில் சொல்ல வாயைத் திறக்கிறது. அவ்வளவுதான்.

இதிலிருந்து தெரிவது என்ன என்று டீச்சர் கேட்டார். வாயை அடக்க வேண்டும் என்று வகுப்பே கத்தியது. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே, "சத்தமா, இன்னொரு தடவ" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். அங்கே செம்மண், முந்திரி. போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள். பெரம்பலூருக்கு மேற்கே வந்தால் கதையே வேறு. கொஞ்சம் மண், அதற்குக் கீழே பாறை. கோடை வந்தால் கிணறுகள் வற்றும். வற்றின கிணற்றை இன்னும் ஆழமாக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள். ஒரு கிரேன், பாறையில் துளை போட ஒரு கம்ப்ரசர், ஆறேழு ஆட்கள். கிரேன் என்றால் ரோட்டில் லாரியைத் தூக்குகிற பெரிய வண்டி இல்லை. ஒரு டீசல் எஞ்சின், இரும்புக் கம்பி வடம் சுற்றிய உருளை, கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கை, அதன் முனையில் தொங்கும் பெரிய இரும்பு பக்கெட். கல்லும் அதில்தான் மேலே வரும், ஆளும் அதில்தான் மேலே வரவேண்டும்.

கிரேன்காரரை நாங்கள் மாமா என்போம். அவர் எஞ்சினோடு தள்ளி உட்கார்ந்திருப்பார். கிணற்றுக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல விளிம்பில் ஒருத்தன் நிற்க வேண்டும். அப்போது எட்டு மாதமாக அது நான். நான் கையைத் தூக்கினால் மாமா பக்கெட்டைத் தூக்குவார். கையை இறக்கினால் இறக்குவார்.

ஆனால் என் கைக்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. பக்கெட்டில் ஏறியவன் பேசக்கூடாது. பேசினால், என்ன பேசினாலும், மாமா நிறுத்திவிடுவார்.

அதற்குக் காரணம் உண்டு. எண்பது அடிக் கிணற்றிலிருந்து வரும் வார்த்தை வார்த்தையாக மேலே வராது. சுவரில் மோதி மோதி ஒரே ஊளையாகத்தான் வரும். எஞ்சின் சத்தம் வேறு. முன்பு ஒரு தடவை மாமாவிடம் வேலை பார்த்த ஒருத்தருக்கு, பக்கெட்டுக்கும் பாறைக்கும் நடுவே கால் மாட்டிக்கொண்டது. அவர் நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். தூக்கச் சொல்கிறார் என்று நினைத்து மாமா தூக்கிவிட்டார். இதற்கு மேல் அந்தக் கதையை மாமா சொன்னதில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் தன் வலது கையை ஒரு தரம் பார்ப்பார்.

"அன்னையிலேர்ந்து ஒண்ணுதான். கீழ கொரல் கேட்டா நிறுத்திருவேன். எவன் கையாட்டுனாலும் பாக்க மாட்டேன். கொரல் நின்னு ரெண்டு மூச்சு விட்ட பொறவுதான் எடுப்பேன்."

இப்படி ஒரு சட்டத்தை என் மாதிரி ஆள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? விளையாட்டுத்தான் ஆகும்.

பக்கெட்டில் வருகிறவன் வாயைத் திறக்கவைப்பதுதான் என் விளையாட்டு. "அண்ணே, லுங்கி கிழிஞ்சிருக்கு, அக்கா எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்பேன். "யோவ், ஒம் பின்னால பாம்பு" என்பேன். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார்கள். எவனாவது ஒருத்தன் பொறுக்கமாட்டாமல் கத்திவிடுவான். பக்கெட் நடுவழியில் குலுங்கி நின்று தொட்டில் மாதிரி ஆடும். மாமா அங்கிருந்து என் பரம்பரையையே திட்டுவார். வாய் திறந்தவன் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

ஒருத்தனிடம் மட்டும் நான் ஜெயித்ததே இல்லை. என் கூட்டாளி. ரெட்டிபாளையத்துப் பையன். அவன் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வேலை பார்த்தவர். இவனுக்கும் அந்தப் பழக்கம். பாறையில் குழி போட்டு, வெடி வைத்து முடித்ததும் எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். கடைசியாக இவன் மட்டும் நின்று திரியில் நெருப்பு வைத்துவிட்டு, பக்கெட்டில் ஏறி வடத்தை இரண்டு இழுப்பு இழுப்பான். நான் கையைத் தூக்குவேன். அவன் மேலே வந்து, எல்லோரும் ஓடி டிராக்டருக்குப் பின்னால் மறைந்து, ஒருத்தன் பீடி கேட்டு இன்னொருத்தன் இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் வெடிக்கும். அவ்வளவு நேரம் விட்டுத்தான் அவன் திரி வெட்டுவான்.

மற்ற நேரங்களில் நான் என்ன கத்தினாலும் அவன் வாயைத் திறக்கமாட்டான். வடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாறையைத் தள்ளித் தள்ளி, சாமி புறப்பாடு மாதிரி நிதானமாக வருவான். மேலே வந்து, "முடிஞ்சுதா மாப்ள?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரி எரியும்போது மட்டும் நான் விளையாடியதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரிந்திருந்தது.

அன்றைக்கு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நிலத்துக்கார அக்கா சோளத்தட்டை அறுத்த காட்டில், வேப்பமரத்தடியில் நிழல் இருந்தது. அந்த அக்கா காலையிலிருந்து நாலு தடவை கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கசியுதா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டாளியின் போன் அடித்தது. அவன் மகள். ஒண்ணாம் வகுப்பு. பரீட்சை முடிந்து லீவு.

"கதை சொல்லணுமாம் மாப்ள. எனக்குத் தெரிஞ்சது மூணு. மூணையும் அதுவே எனக்குத் திருப்பிச் சொல்லுது. நீ ஒண்ணு சொல்லேன்."

எனக்குத் தெரிந்த ஒன்றை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னேன்.

"ஆமைக்கு ரெக்க இல்லியா மாமா?"

"இல்ல பாப்பா. ஒங்கப்பாவுக்கும்தான் இல்ல. தெனம் நாங்கதான் தூக்குறோம்."

"வாயத் தொறந்தா?"

"பொத்துன்னு விழுந்துரும். அதான் கம்முன்னு போவுது. கீழ பூரா சனம். ஏய் அங்க பாரு, ஆமை பறக்குதுன்னு ஒரே சிரிப்பு. ஆமைக்குக் கோவம் கோவமா வருது..."

அந்த இடத்தில் மாமா விசில் அடித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது.

"மிச்சம் சாயந்தரம் பாப்பா."

"ஆமை என்னா பண்ணுச்சு மாமா? அத மட்டும் சொல்லு."

"சாயந்தரம்" என்று வைத்துவிட்டேன். கதையைச் சரியான இடத்தில் நிறுத்தியதில் எனக்குப் பெருமை. கிணற்றுக்குள் வியர்வையில் கெட்டுப்போகும் என்று கூட்டாளி எப்போதும் போனை என்னிடம்தான் கொடுத்துவிட்டு இறங்குவான். அன்றைக்கும் கொடுத்தான்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். வெடி வைத்தாகிவிட்டது. மற்றவர்கள் மேலே வந்து டிராக்டர் பக்கம் போய்விட்டார்கள். விளிம்பில் நான், எஞ்சினில் மாமா, அடியில் அவன். கீழே சின்னதாக ஒரு பொறி தெரிந்தது. பிறகு வரிசையாக இன்னும் மூன்று. வடம் இரண்டு தடவை ஆடியது. கையைத் தூக்கினேன். பக்கெட் கிளம்பியது.

பாதிக் கிணறு வந்திருப்பான். வழக்கம்போல நிதானமாக, தலையில் துண்டு, கை பாறையில். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் எனக்கு ஆமை ஞாபகம் வந்தது. அப்படியே கதையில் இருந்த மாதிரி இருந்தான். நல்ல கிண்டல் ஒன்று தொண்டைக்கு வந்துவிட்டால் அது இருமல் மாதிரி. அடக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"பாப்பா, லைன்லயே இரு! ஆமை வந்துக்கிட்டு இருக்கு! கத்துனா விழுந்துருமான்னு பாப்போமா? இந்தா, ஒங்கப்பாகிட்ட நீயே கேளு!"

போனில் யாரும் இல்லை. ஆனால் அவனுக்கு அது தெரியாது. கீழே திரி எரிகிறது, நடுவில் அவன் தொங்குகிறான், இதையெல்லாம் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தான்.

"டேய், போன வைடா!"

எட்டு மாதத்தில் முதல்முறையாக நான் ஜெயித்தேன்.

மாமா பிரேக்கைப் பிடித்தார். பக்கெட் குலுங்கி நின்று ஆடியது. என் வாயில் பாதிச் சிரிப்பு இருந்தது. கீழே, நாலு பொறிகளும் அவன் காலுக்கு நேர் கீழே நகர்ந்துகொண்டிருந்தன. சிரிப்பு எப்போது நின்றதென்று எனக்குத் தெரியவில்லை.

"என்னாடா? கால் மாட்டிக்கிச்சா?" மாமா அங்கிருந்து கத்தினார்.

"ஒண்ணுமில்ல மாமா! தூக்குங்க! தூக்குங்க!"

"நீ பேசாத. நீ சொல்லி நா கேக்க மாட்டேன்."

கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. காதைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பக்கெட் நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே ஒரு தரம் பார்த்தான். பிறகு மேலே பார்த்துக் கத்த ஆரம்பித்தான். "தூக்குங்க மாமா, தூக்குங்க" என்றுதான் கத்தினான். விளிம்பில் நிற்கிற எனக்கே அது ஊளையாகத்தான் கேட்டது. மாமாவுக்கு வேறு எப்படிக் கேட்டிருக்கும்? அவர் பிரேக்கை இன்னும் இறுக்கினார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. முன்பு ஒரு தடவை கேட்டு, தப்பாகப் புரிந்துகொண்ட அந்தக் குரலைத்தான் அவர் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவன் கத்தக் கத்தப் பக்கெட் நிற்கும். பக்கெட் நிற்க நிற்க அவன் கத்துவான். திரி எரியும்.

மாமாவிடம் ஓடினேன். அவர் கையைப் பிரேக்கிலிருந்து பிடுங்கப் பார்த்தேன். காலால் உதைத்துத் தள்ளினார். "கால் போயிரும்டா அவனுக்கு! கால் போயிரும்!" அவர் குரல் உடைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை. கிணறு அமைதியானால்தான் அவர் தூக்குவார். அவன் வாயை மூட வேண்டும்.

திரும்ப ஓடி வந்து விளிம்பில் குப்புற விழுந்தேன். என்ன சொல்லிக் கத்தினாலும் அவனும் பதிலுக்குக் கத்துவான் என்பது மட்டும் தெரிந்தது. விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். போதவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் என் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன். எழுதத் தெரியாது.

தலையிலிருந்த துண்டை உருவி வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

கிணறு அமைதியானது. திரி எரிகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஆனால் நிற்காமல். கீழே புகை. அவன் கண் மட்டும் தெரிந்தது. மாமாவின் இரண்டு மூச்சு. எனக்கு மூச்சே இல்லை. ஒன்று. அந்த ஒன்றுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவில் அவன் மகள், மனைவி, நான் தூக்கில் தொங்குவது, அவன் ரெட்டிபாளையத்து வூட்டு வாசல், அதில் போட்டிருக்கும் பந்தல், எல்லாம் வந்துபோனது. இரண்டு.

எஞ்சின் இழுத்தது. பக்கெட் ஏறியது.

கை எட்டும் தூரம் வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தேன். பாதி உடம்பு என்மேல் வந்தபோது முதல் வெடி வெடித்தது.

தரை என்னைத் தூக்கிப் போட்டது. சூடான காற்று. வாயெல்லாம் கல்தூள். பக்கெட் மேலே எகிறி இரும்புக் கையில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் வயிற்றில்தான் தெரிந்தன. அவன் என்மேல் கிடந்தான். அவன் இடது காதிலிருந்து ரத்தம் என் கழுத்தில் இறங்கியது. துண்டு இன்னும் வாய்க்குள்தான் இருந்தது.

நிலத்துக்கார அக்காதான் முதலில் ஓடி வந்தார். தன் சேலைத்தலைப்பால் அவன் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆட்டோவ எடுங்கடா, நின்னு பாக்குறீங்க" என்று எல்லோரையும் விரட்டினார். லோடு ஆட்டோவில் படுக்கவைத்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோள்பட்டையில் எலும்பு விரிசல். இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மாமா ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் பக்கம் வந்தார். நான் அங்கேதான் நின்றேன்.

"ஏன்டா கத்துன?"

கூட்டாளி என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். எட்டு மாதமாக எல்லோர் வாயையும் திறக்கவைத்தவனுக்குத் தன் வாயைத் திறக்க முடியவில்லை.

"பயந்துட்டேன் மாமா" என்றான் அவன்.

அப்போது என் பையில் அவன் போன் அடித்தது. சாயந்தரமாகிவிட்டிருந்தது.

"மாமா, ஆமை விழுந்துச்சா?"

வராந்தாவுக்கு ஓடிவந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

"விழல பாப்பா."

"வாயத் தொறக்கலியா?"

"தொறந்துச்சு. அப்புறம் மூடிக்கிச்சு."

"அப்படிலாம் முடியுமா?"

"முடியும் பாப்பா" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வூட்டுக்கு வந்ததும் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்தது அவன் மனைவி. மூன்று பேரும் பஸ் ஏறிப்போய் ஏற்றிவிட்டு வந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அந்தத் தங்கச்சி எனக்கு டீ போட்டுக் கொடுத்து, "நீங்க மட்டும் புடிச்சு இழுக்கலன்னா என்னா ஆயிருக்கும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டது. டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் சுரங்கத்தில் வெடிக்கு முன்னால் சங்கு ஊதியது. அந்த ஊரில் நாய்கூட அதற்குத் தலையைத் தூக்காது. இவன் சட்டென்று எழுந்து மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் அந்தத் தங்கச்சியும் வெளியே நின்றோம். வெடித்து முடிந்தும் வெகுநேரம் அவன் திறக்கவில்லை.

நாலு மாதம். அவன் எப்போது வாயைத் திறந்தாலும், இப்போது சொல்லப்போகிறான் என்று நினைப்பேன். யார் போன் செய்தாலும் அதற்காகத்தான் என்று தோன்றும். டீக்கடையில் எங்கள் ஆட்கள் அவனைப் பற்றிப் பேசுவார்கள்.

"இத்தன வருசம் திரி வச்சவன், பாதி வழியில ஆத்தா அப்பான்னு கத்திட்டானாம்ல?"

"பயந்தவன மாமா இனி பக்கெட்டுல ஏத்த மாட்டாராம்."

ஏற்றவும் இல்லை. மாமா அவனை வேலைக்குக் கூப்பிடவே இல்லை. நடுவழியில் பயப்படுகிறவனை நம்பிக் கிணற்றில் இறக்க முடியாது, அவன் நல்லதுக்குத்தான் என்றார். என் கூட்டாளி ஜெயங்கொண்டம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் ஒரு கையால் டயர் உருட்டிக்கொண்டிருந்தான். நான் விளிம்பில் நின்று சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லோரையும் கிண்டலடித்து ஓட்டுகிற நான் அந்த நாலு மாதமும் யாரையும் ஓட்டவில்லை. "ஒடம்பு சரியில்லியாடா?" என்று கேட்டார்கள்.

அந்த நாட்களில் ஆமைக் கதையை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று தெரியாது. பயத்தில் தூக்கம் வராதவனுக்கு ஒரு கதை தெரிந்தால் அதையேதான் உருட்டுவான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஆமையைத்தான் பார்த்தோம். பெரியவர்களும் ஆமையைத்தான் காட்டுவார்கள். வாயாடி, விழுந்தது, வேண்டும் அதற்கு. கீழே நின்று சிரித்தவர்களைப் பற்றிக் கதையில் ஒரு வரிதான். ஆமை விழுந்த பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த டீச்சரும் கேட்டதில்லை. வூட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். அந்த ஆமை ஏன் அப்படிக் கத்தியது என்று அவர்களே பேசிச் சிரித்திருப்பார்கள்.

அந்தக் கொக்குகளையும் நினைத்துக்கொள்வேன். பாவம், அவற்றின் வாயிலும் குச்சி இருந்தது. ஆமையிடம் பேசாதே என்று சொல்லக்கூட அவற்றால் வாயைத் திறக்க முடியாது. மாமா அப்படித்தான். தன் சட்டத்தைக் கவ்விக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆமை வேடிக்கை காட்டவா வானத்தில் ஏறியது? குளம் வற்றிப்போனதால் ஏறியது. கிணறு வற்றிய அக்கா, அதற்காகப் பக்கெட்டில் தொங்குகிறவன், வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்ட் கையைப் பிடித்துத் தொங்குகிற எங்கள் பக்கத்துப் பையன்கள், யாரும் ஆசைக்கு ஏறவில்லை. வாயை மூடிக்கொண்டு தொங்குகிற ஒருத்தனைக் கண்டால் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு வந்தது. வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் பாடம் இருக்கிறதென்றால் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாமெல்லாம் ஆமை என்று நினைத்துப் படிக்கிறோம். பாதி நேரம் நாம் கீழே நிற்கிறவர்கள்.

போன வாரம் மாமாவிடம் போனேன். உருளைக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் யாரும் இல்லாததையும் சொன்னேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், கிரீஸ் கையைத் துடைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவன் பயப்படலியா?"

"பயந்தான் மாமா. ஆனா அதுக்குக் கத்தல."

"நாலு மாசமா அவன் வூட்டுச் சோத்துல மண்ணப் போட்டுருக்கேன்."

"நான்தான் மாமா போட்டேன்."

"வாய மூடு" என்றார். பிறகு கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழம அவன வரச் சொல்லு. திரிதான் வக்கணும்னு இல்ல, அவன் என்னா வேல கேட்டாலும் சரி. விளிம்புல எவன் நிக்கணும்கிறதயும் அவனே சொல்லட்டும். நீ இருக்கணுமா போவணுமாங்கிறது அதுல தெரிஞ்சிரும்."

அவனுக்குப் போன் செய்தேன். அவன் வலது காதுக்கு மாற்றிக்கொள்ளும் வரை பொறுத்துக்கொண்டு, மாமாவிடம் சொன்னதைச் சொன்னேன். நூலகத்துத் தாளில் எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். மறுமுனையில் டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. அது நின்றது.

"மாப்ள, நா விளிம்புல நின்னா நீ எறங்குவியா?"

"எறங்குறேன்" என்றேன்.

"அப்ப நீ எறங்கு, நா மேல நிக்கிறேன்" என்றான்.